சோற்றுக் கொழுப்பு

ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலம் அம்மாப்பேட்டைக் கறிக்கடை முன்னால் நிற்கிறவர்களிடம் கடைக்காரர் கேட்பது ஒரே கேள்விதான். எத்தனை கிலோ என்று அவர் கேட்பதில்லை. ஆளைப் பார்த்தாலே அது அவருக்குத் தெரிந்துவிடும். தொடைக்கறியா, நெஞ்செலும்பா, சுவரொட்டி வேண்டுமா என்பதையெல்லாம் அவரே முடிவு செய்துவிடுவார். பிறகு கத்தியைக் கட்டைமேல் நிறுத்தி, தலையை நிமிர்த்தி, "கொழுப்பு போடட்டுங்களா?" என்பார். அதை மட்டும் அவரால் முகத்தில் படிக்க முடியாது போலிருக்கிறது.

இருபது வருடமாக நான் சொல்லிவந்த பதில், "கொஞ்சம் போடுங்கள்." வெள்ளாட்டுக் கறி என்றால் அந்தக் கொஞ்சம் இல்லாமல் சரிப்படாது. வெள்ளாடு தன் கொழுப்பையெல்லாம் குடலைச் சுற்றியும் குண்டிக்காயைச் சுற்றியும் உள்ளே பதுக்கி வைத்துக்கொள்ளும் பிராணி. தனியாக எடுத்துச் சேர்த்தால்தான் குழம்பின்மேல் அந்த மினுக்கம் வரும். செம்மறி அப்படியில்லை, சம்பாதித்ததைத் தோலுக்கடியிலேயே பரப்பி வைத்திருக்கும். எங்கள் மாவட்டத்துக்கென்றே மேச்சேரி ஆடு என்று ஒரு செம்மறி இனம் உண்டு. கறிக்கும் தோலுக்கும் பேர்போனது. அதற்காகவே பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர் வெள்ளாட்டுக் கட்சி. செம்மறிக் கறி தின்றால் கைகழுவ வெந்நீர் வேண்டும் என்பது அவருடைய வாதம். சரியான வாதம்தான்.

சென்ற மாதம் ஒரு ஞாயிறு, "வேண்டாம்" என்றேன். கத்தி அப்படியே நின்றது. எனக்குப் பின்னால் நின்றவர்கூட எட்டி என் முகத்தைப் பார்த்தார்.

"டெஸ்ட் எடுத்தீர்களா?" என்றார் கடைக்காரர்.

எடுத்திருந்தேன். வெறும் வயிற்றில் போய், ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு பரிசோதனைக்கூடத்தில் ரத்தம் கொடுத்திருந்தேன். மொத்தக் கொலஸ்ட்ரால் 238, இருக்க வேண்டியது 200-க்குள். கெட்ட கொழுப்பு என்று எல்லாரும் சொல்லும் எல்.டி.எல். 157. டிரைகிளிசரைடு 212, அதற்கு 150 வரைதான் அனுமதி. நல்ல கொழுப்பு மட்டும் 39-இல் நின்றது. கூட வேண்டியது குறைந்தும் குறைய வேண்டியது கூடியும் இருப்பது என் வாழ்க்கையில் புதிதல்ல. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கொழுப்பு கொஞ்சம் அதிகமாக இருக்கிறது" என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த என் மனைவி ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "இது எனக்குக் கல்யாணமான வருடமே தெரியும், டாக்டர்" என்றாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "தினமும் நாலு பேர் இதைச் சொல்லுகிறார்கள், அம்மா" என்றார், மருந்துச் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். பாவம் அவர். இந்த ஊரில் மருத்துவம் பார்க்கிறவர் யாராக இருந்தாலும் அந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்; சொன்னால் அந்தப் பதிலைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது" என்றால் யாரும் நகைச்சுவை செய்வதில்லை. சர்க்கரை நோயாளியை இனிமையானவர் என்று தமிழ் சொல்வதில்லை. கொழுப்புக்கு மட்டும் இரண்டு கணக்குப் புத்தகம்: ஒன்று உடம்புக்கு, ஒன்று நடத்தைக்கு.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த இரண்டாவது புத்தகத்தைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன்.

திமிர், செருக்கு, ஆணவம், தலைக்கனம், மண்டைக்கனம், மதர்ப்பு, தினவு என்று ஒருவனைக் குற்றம் சொல்ல நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. இவற்றில் பாதி உடம்பிலிருந்தே எடுத்தவை என்பதைக் கவனித்தால் வேடிக்கையாக இருக்கும். தினவு என்பது அரிப்பு. திமிர்ப்பு என்பது கைகால் மரத்துப்போவது; உணர்ச்சியற்றுப் போன உறுப்பைப் போல எதற்கும் அசையாதவன் திமிர் பிடித்தவன். யானைக்கு நீர் வடிந்தால் மதம். மனிதனுக்கு வடியாமலே அது வருகிறது. தலை கனத்தால் ஒரு குற்றம், வார்த்தை தடித்தால் ஒரு சண்டை. கனமும் தடிமனும் எங்கே சேர்ந்தாலும் தமிழுக்கு ஆகாது. ஆனால் இத்தனை சொற்களிலும் கொழுப்பு மட்டும் சாப்பாட்டைத் தொட்டு நிற்கிறது. மற்றவையெல்லாம் ஒருவனிடம் தானாக வந்தவை. கொழுப்பு, தின்று வந்தது.

இதைத் தமிழ் மட்டும் செய்யவில்லை. நான் வளர்ந்த தறிக்காரச் சந்தில் நான்கு மொழிகள் புழங்கின. அம்மாப்பேட்டைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இது புரியும்: ஒரு வீட்டில் தெலுங்கு, எதிர்வீட்டில் கன்னடம், அடுத்த தெருவில் சௌராஷ்டிரம், எல்லாருக்கும் பொதுவாகத் தமிழ். தெலுங்கு வீட்டு அம்மா மகனைத் திட்டும்போது "நீக்கு கொவ்வு எக்குவ" என்பார். கன்னட வீட்டில் அதுவே கொப்பு. அந்தப் ‘ப்பு’வைப் பஸ்ஸில் வரும் ‘ப’ போல மெல்லச் சொல்ல வேண்டும். கொவ்வும் கொப்பும் அந்தந்த மொழியில் ஆட்டுக் கொழுப்பும்தான், ஆள் கொழுப்பும்தான். நாங்கள் பையன்கள் மூன்று மொழியிலும் ஒரே சொல்லால் திட்டு வாங்கினோம், மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. மலையாளத்தில் மட்டும் அந்தச் சொல்லுக்குக் கொண்டாட்டமும் உண்டு: திருவிழாவைச் சிறப்பாக நடத்தினால் ‘கொழுப்பிச்சு’ என்பார்கள். அந்தப் பக்கம் மழை அதிகம். அது காரணமாக இருக்கலாம் என்பது என் சொந்த ஊகம், யாரும் மேற்கோள் காட்ட வேண்டாம்.

பழைய தமிழிலும் இந்தக் குடும்பத்துச் சொற்களுக்குக் கெட்ட பெயர் கிடையாது. கொழுமை என்றால் செழிப்பு. சிலப்பதிகாரம் புகார் நகரத்து வணிகர்களைக் ‘கொழுங்குடிச் செல்வர்’ என்கிறது. அது வசையல்ல, வாழ்த்து. மாட்டுக்கும் மரத்துக்கும் இன்றுவரை அந்த மரியாதை இருக்கிறது. தன் பேரை மறந்துபோன ஈ, ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு போகும் கதையைச் சின்ன வயதில் கேட்காதவர் இருக்க முடியாது. "கொழு கொழு கன்றே, கன்றின் தாயே, தாயை மேய்க்கும் ஆயா" என்று நீண்டு, கடைசியில் குதிரையின் கனைப்பில் தன் பேரைக் கண்டுபிடிக்கும். அந்தக் கதையில் ஈ முதன்முதலில் காலைப் பிடிப்பது கொழுத்த கன்றிடம்தான், அதுவும் புகழ்ந்து. கன்று கொழுத்தால் அழகு. பயிர் கொழுத்தால் மகிழ்ச்சி. வியாபாரத்தில் லாபம் கொழுத்தால் பத்திரிகையில் செய்தி. வேலைக்காரன் கொழுத்தால் மட்டும் குற்றம்.

ஆம், வேலைக்காரன். அதற்குத்தான் வருகிறேன்.

கொழுப்பு என்ற வசையை யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று ஒரு வாரம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். மேலதிகாரிக்குக் கொழுப்பு என்று யாரும் சொல்வதில்லை; அவருக்கு இருப்பது தலைக்கனம். பணக்காரருக்குச் சொன்னாலும் வெறுங்கொழுப்பு என்று சொல்ல மாட்டார்கள். ‘பணக்கொழுப்பு’ என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டி, அதையும் முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். முகத்துக்கு நேராக, சத்தமாக, எந்த ஒட்டும் இல்லாமல் அந்தச் சொல்லை வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். எதிர்த்துப் பேசிய பிள்ளை. மாமியார் சொன்ன நேரத்துக்கு எழுந்திருக்காத மருமகள். கூலியை உயர்த்திக் கேட்ட தறிக்காரர். தாமதமாக வந்த வீட்டு வேலைக்காரம்மா. ஒரு காலத்தில் மேல்துண்டைத் தோளிலிருந்து எடுக்காமல், காலில் செருப்போடு தெருவைக் கடந்தவனுக்கும் இந்தச் சொல்தான் கிடைத்தது. இவர்களில் பெரும்பாலோர் ஒல்லியானவர்கள். உடம்பில் இருக்க வேண்டிய கொழுப்பே இல்லாதவர்கள்.

அப்படியானால் அந்தச் சொல் பேசுவது உடம்பைப் பற்றியல்ல, சோற்றைப் பற்றி. நான் போட்ட சோறு உன் உடம்பில் சேர்ந்து, பசி போய், இப்போது எனக்கே எதிரே நிற்கும் தெம்பை உனக்குக் கொடுத்திருக்கிறது என்பதுதான் அந்த ஒற்றைச் சொல்லின் விரிவு. ‘சோற்றுக் கொழுப்பு’, ‘தின்ற கொழுப்பு’, ‘உட்கார்ந்து தின்கிற கொழுப்பு’ என்று அதன் நீளமான வடிவங்கள் எல்லாமே உண்மையை ஒளிக்காமல் சொல்லிவிடுகின்றன. நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்கிறது பழமொழி. நண்டு வளையில் தங்க வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பழமொழி சொல்லவில்லை. சோறு போடுகிறவர்களுக்கு அது தெரியும்.

எனக்கு இது புத்தகம் படித்து வந்த அறிவல்ல. பதினொரு வயதில் நேரடியாக வாங்கியது.

அப்பா விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நெஞ்சுச் சளி என்று படுத்தவர் எழுந்திருக்க ஏழெட்டு மாதம் ஆயிற்று. வாடகை கொடுக்க முடியாமல் கன்னங்குறிச்சியில் இருந்த மாமா வீட்டுக்குப் போனோம். இரண்டு அறை. மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர், அத்தையின் அம்மா, அதற்குமேல் நாங்கள் மூன்று பேர். அங்கே எனக்கென்று ஓர் அலுமினியத் தட்டு இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு நெளிவு. குழம்பு ஊற்றினால் அந்த நெளிவு வழியாக மெதுவாகத் தரைக்கு வரும்; சோற்றால் அணை கட்டிச் சாப்பிட வேண்டும். யாரும் திட்டமிட்டு அதை எனக்கு ஒதுக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. எட்டுத் தட்டில் ஒன்று நெளிந்திருந்தது, அது ஒருவருக்கு வந்துதானே ஆக வேண்டும். அப்போது அப்படித் தோன்றவில்லை.

ஒரு ராத்திரி களியும் கொள்ளுப் பருப்பும். தட்டு என் முன்னால் வந்தது. "இந்தத் தட்டு எனக்கு வேண்டாம்" என்றேன்.

அத்தை கரண்டியைச் சட்டியில் வைத்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. "சோற்றுக் கொழுப்பு" என்றாள். அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால் அது சோறே அல்ல, களி. அதைச் சுட்டிக்காட்டும் வாய்க்கொழுப்பு எனக்கு அந்த வயதிலேயே இருந்தது. ஆனால் அம்மாவின் முதுகைப் பார்த்தேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்த அம்மா ஊதுவதை நிறுத்தவில்லை. எழுந்து வந்து, தன் தட்டை எனக்கு வைத்துவிட்டு, நெளிந்த தட்டை எடுத்துக்கொண்டு போனாள். யாரும் எதுவும் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அம்மா ஒரு சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் உரிக்கப் போனாள். தை மாதம் நாங்கள் வேறு வீடு பார்த்தோம். ஊருக்குள் எல்லாரும், தம்பி வீட்டில் நன்றாகத்தானே வைத்திருந்தார்கள், இவளுக்கு என்ன கொழுப்பு, தனியாகப் போகிறாள் என்று பேசிக்கொண்டார்களாம். எதிர்பார்த்ததுதான்.

அத்தையைக் கெட்டவளாக எழுதிவிட்டுப் போவது எளிது, அது நியாயமாக இருக்காது. மாமா ஒருவர் சம்பளத்தில் எட்டு வயிறு. ரேஷன் அரிசி பதினைந்தாம் தேதிக்குத் தீர்ந்துவிடும். அதற்குமேல் ராகி, கம்பு, கிழங்கு. யாருக்கு எத்தனை கவளம் என்ற கணக்கு ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவள் தலைக்குள் ஓடியது. எங்களை வரவேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அப்பாவுக்கு மட்டும் தினமும் ஒரு முட்டை வந்தது, அது அவள் வாங்கியது. அத்தனை கணக்குக்கும் நடுவில் ஒரு பொடியன் தட்டு சரியில்லை என்கிறான். அவள் சொன்னது திட்டல்ல, ரசீது.

பத்தாண்டு கழித்துக் கல்லூரியில் பொருநராற்றுப்படை படித்தபோது அந்த நெளிந்த தட்டு ஞாபகம் வந்தது. இரண்டுக்கும் யாரும் முடிச்சுப் போட மாட்டார்கள், எனக்கு விழுந்துவிட்டது. பசித்து வந்த பொருநனுக்கு, அதாவது ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைக்கிறவனுக்கு, கரிகாலன் விருந்து வைக்கிறான். கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சியை முடத்தாமக்கண்ணியார் ‘கோழூன் கொழுங்குறை’ என்கிறார். கொழுப்புச் சொட்டும் துண்டு. சூடு தாங்காமல் வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாற்றி மாற்றி ஒற்றிக்கொண்டு தின்கிறான். நாள்கணக்கில் பகலும் இரவும் தின்கிறான். ‘கொல்லை உழுகொழு ஏய்ப்பப் பல்லே’ என்று ஓர் உவமை வருகிறது: புன்செய்க் காட்டை உழுத கொழு முனை மழுங்குவதுபோல, கறி தின்று தின்று பல் மழுங்கிவிட்டதாம். கொழுப்பின் கொழுவும் கலப்பையின் கொழுவும் ஒரே விருந்தில் வந்து உட்காருகின்றன. மூச்சுவிட இடமில்லாமல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு வந்து, ஒரு நாள் பொருநன் சொல்கிறான்: நாங்கள் எங்கள் பழைய ஊருக்குப் போகிறோம்.

வயிறு நிறைய வாங்கித் தின்றவன், போதும், போகிறேன் என்கிறான். அத்தை வீட்டில் இதற்கு என்ன பெயர் என்பது எனக்குத் தெரியும். கரிகாலன் என்ன செய்கிறான்? அவனுக்கும் முகம் மாறத்தான் செய்கிறது. ‘சிரறியவன்போல் செயிர்த்த நோக்கமொடு’ பார்த்தான் என்கிறது பாட்டு. ஆனால் அது கோபித்தவன்போன்ற பார்வை. எங்கள் கூட்டத்தை விட்டு அகல்கிறீர்களா என்ற வருத்தம். அதற்குப் பிறகு யானைகளைக் கொடுத்து அனுப்புகிறான். ராஜாவுக்கு அரிசி பதினைந்தாம் தேதி தீராது, அவனால் முடியும் என்று அத்தை சொல்லியிருப்பாள். அவள் பக்கம் நியாயம் உண்டு. கொழுப்பு என்று சொல்லாமல் இருப்பதற்கும் களஞ்சியத்தில் நெல் இருக்க வேண்டும்.

குறளில் இந்தப் பொருளுக்கு நிணம் என்று சொல். 1260-ஆவது குறள்: நிணந்தீயில் இட்டன்ன நெஞ்சினார். தீயில் போட்ட கொழுப்புபோல, அவனைக் கண்டதும் உருகிவிடும் நெஞ்சம் எனக்கு. நான் எங்கே ஊடி நிற்கப்போகிறேன் என்று பெண் சொல்கிறாள். கறிக்கடைக்காரரின் மொழியில் காதல் இவ்வளவு துல்லியமாகச் சொல்லப்பட்டதில்லை. திருக்குறளைச் சைவச் சமையல் புத்தகமாக மட்டும் வைத்திருக்கிறவர்கள் இந்தக் குறளைக் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன். நிணம் இப்போது அகராதிக்குள் போய்ப் படுத்துவிட்டது. நிணநீர் என்று மருத்துவப் பாடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கிறது. நெய்யும் அப்படித்தான் சுருங்கியது. எள்ளின் நெய் எண்ணெய், வெண்மையான நெய் வெண்ணெய் என்று எல்லாக் கொழுப்புக்கும் பொதுவாக இருந்த சொல், இன்று பொங்கலில் ஊற்றுவதற்கு மட்டும்.

உடம்பு பெருத்திருப்பதைச் சொல்லவும் நாம் கொழுப்பைத் தொடுவதில்லை, கவனித்திருக்கிறீர்களா? குண்டு, பருமன், தடிமன், உடம்பு போட்டுவிட்டது என்போம். தொளதொளவென்றிருந்தால் ஊளைச்சதை. பெண் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் ஓர் அழகான சொல் இருக்கிறது: பூசினாற்போல் இருக்கிறாள். எலும்பின்மேல் யாரோ கைபக்குவமாகப் பூசிவிட்டதைப் போல. கொழுப்பு என்ற சொல்லை மட்டும் யாரும் உடம்புக்குச் செலவழிக்காமல், நாக்குக்கென்று சேமித்து வைத்திருந்தார்கள். பரிசோதனைக்கூடங்கள் வந்துதான் அதை மறுபடி ரத்தத்துக்குள் இழுத்துவிட்டன.

இழுத்ததில் ஒரு குழப்பமும் நடந்துவிட்டது. கொலஸ்ட்ரால் உண்மையில் கொழுப்பே அல்ல. கொழுப்போடு ஒட்டி உறவாடும் வேறு பொருள். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் இருநூறு ஆண்டுக்கு முன் பித்தப்பைக் கல்லில் இருந்த அதற்குப் பேர் வைத்தபோது, கிரேக்கத்தில் பித்தம் என்ற சொல்லையும் கெட்டி என்ற சொல்லையும் சேர்த்து வைத்தார். அந்தப் பெயரைத் தமிழாக்கியிருந்தால் கெட்டிப் பித்தம் என்று வந்திருக்கும். அதுவும் நமக்குச் சரியாகத்தான் பொருந்தியிருக்கும்: கொழுப்பு தலைக்கேறினால் திமிர், பித்தம் தலைக்கேறினால் பைத்தியம். டாக்டர் எந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் என் மனைவியிடம் பதில் இருந்திருக்கும்.

அதைவிட முக்கியமாக ஒன்றை டாக்டர் சொன்னார். ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி நாம் தின்று வந்ததல்ல. கல்லீரல் தானே செய்வது. டிரைகிளிசரைடு ஏற ஆட்டுக்கறிகூட வேண்டாம், வெள்ளைச் சோறும் இனிப்பும் சாராயமும் போதும். ஒல்லியானவருக்கும் கொழுப்பு அதிகமிருக்கலாம். தொந்தி வைத்தவருக்கு எல்லாம் அளவாக இருக்கலாம். ஒருவனைப் பார்த்ததும் தின்ற கொழுப்பு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது, ரத்தம் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றார். தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டவர்கள் செய்த குற்றச்சாட்டு இப்படி ஒரு தாளில் தள்ளுபடி ஆவதை நான் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை மட்டும் ரசிக்கவில்லை.

அத்தைக்கு இப்போது எழுபத்தாறு வயது. மாமா போய்விட்டார். மகன்கள் இரண்டு பேரும் ஓசூரில். சென்ற வருடம் குளியலறையில் வழுக்கி இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து எங்களோடு இருக்கிறாள். நாற்பத்திரண்டு கிலோ. எலும்பும் தோலும் என்பதற்குப் படம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். என்னோடு சேர்த்து அவளுக்கும் ரத்தம் எடுத்தோம். அவளுக்கு மொத்தம் 261. என்னைவிட இருபத்து மூன்று அதிகம். தாளைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிய கறியை மனைவி குழம்பு வைத்தாள். தேங்காயும் பாதியாகக் குறைந்திருந்தது. அத்தைக்குக் கட்டிலுக்கே தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் வைத்தாள். மெதுவாகத் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"என்ன அத்தை?"

"எனக்கு வேண்டாம். இது குழம்பா? ஆட்டைக் குளிப்பாட்டின தண்ணீர்."

"டாக்டர்தான் சொன்னார். உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னார்."

"டாக்டரையே தின்னச் சொல்."

கறி கிலோ ஆயிரத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. காலையிலிருந்து கடையில் நின்று, வெட்டி வாங்கி வந்து, மனைவி இரண்டு மணி நேரம் அடுப்பில் நின்று, கட்டிலுக்கே கொண்டுவந்து நீட்டினால் தட்டைத் தள்ளுகிறாள். என் நாக்கில் அந்தச் சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. யோசித்து வந்ததல்ல, எச்சில் ஊறுவதைப் போல வந்தது. சோற்று என்பதுவரை உதட்டுக்குப் பின்னால் தயாராக இருந்தது. அத்தை என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். சொல்லிப் பழகியவள், அது வாய்க்குள் வரும்போது முகம் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நான் விழுங்கிவிட்டேன். விழுங்குவது எளிதாக இல்லை. ஆறிப்போன செம்மறிக் கொழுப்பு மேலண்ணத்தில் ஒட்டுவதைப்போல அது ஒட்டிக்கொண்டு நின்றது.

அப்போது என் மகள் உள்ளே வந்தாள். தட்டைப் பார்த்தாள், ஆயாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆயா, உனக்கு ரொம்பத்தான் கொழுப்பு" என்றாள்.

நான் திடுக்கிட்டுப் போனேன். அத்தை சிரித்தாள். மேல்வரிசையில் பல் இல்லாத சிரிப்பு.

"எனக்கு இருந்தால் உன் அப்பனிடம் ஏன் கேட்கிறேன்?"

மகள் கட்டிலில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். கொள்ளு ரசம் இருந்தது.